ஆனை தொலையவில்லை

தொலைந்துபோன பொம்மையைப் பற்றிய ஒரு குழந்தைப் புத்தகத்தைக் குறித்து, பெற்றோர் கூடும் இடத்தில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். அடித்துப் பேசுவேன். நாலு பேர் தலையாட்டிக் கேட்பார்கள். அன்றைக்குச் சொன்ன கருத்துகள் அத்தனையையும் இன்றைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எல்லாமே தப்பு என்பதற்காக அல்ல. ஒன்றிரண்டு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அவற்றைச் சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. என் மகளின் பொம்மையைக் குப்பையில் போட்டவன் நான். அது தொலைந்துவிட்டது என்று வீட்டை நம்பவைத்தவனும் நான்.

புத்தகத்தின் பெயர் 'டாகர்'. எழுதிப் படம் வரைந்தவர் ஷர்லி ஹியூஸ். 1977-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. குழந்தைப் புத்தக ஓவியங்களுக்கு அங்கே அப்போது தரப்பட்ட பெரிய விருதான கேட் கிரீன்அவே பதக்கத்தைப் பெற்றது. அந்தப் பதக்கம் வாங்கிய புத்தகங்களில் எது ரொம்பப் பிடிக்கும் என்று 2007-இல் மக்களிடம் வாக்குக் கேட்டபோதும் இதற்குத்தான் முதலிடம். ஹியூஸின் மகன் வைத்திருந்த துணி நாய்தான் கதையில் வரும் நாய்க்கு மாதிரி.

கதை சின்னது. டேவ் என்ற பொடியனிடம் டாகர் என்று ஒரு பழுப்புத் துணி நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து தொங்கும். ரோமம் அங்கங்கே தேய்ந்திருக்கும். அக்கா பெல்லாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போன மாலையில் அது காணாமல் போகிறது. அம்மா கட்டிலுக்கு அடியில் தேடுகிறாள், மாடிப்படிக்கு அடியில் தேடுகிறாள். வேலை முடிந்து வந்த அப்பா கொட்டகையிலும் வாசல் பாதையிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். கிடைக்கவில்லை. மறுநாள் பள்ளியில் கோடைச் சந்தை. பழைய பொம்மைகள் விற்கும் மேசையில் டாகர் உட்கார்ந்திருக்கிறது, விலை ஐந்து பென்ஸ். டேவிடம் அவ்வளவு காசில்லை. அக்காவைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவதற்குள் ஒரு சின்னப் பெண் அதை வாங்கிவிடுகிறாள். கேட்டால் தரமாட்டேன் என்று அழுகிறாள். பெல்லாவுக்கு அன்று குலுக்கலில் நீலப் பட்டு ரிப்பன் கட்டிய பெரிய கரடி ஒன்று விழுந்திருக்கிறது. அதைக் கொடுத்து டாகரை மீட்கிறாள். இரவு படுக்கப்போகும்போது தம்பி அந்தக் கரடியைப் பற்றிக் கேட்கிறான். தனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அதன் கண் முறைத்துப் பார்ப்பது போலிருந்தது, கட்டிலில் இன்னொரு கரடி வந்தால் தனக்கே படுக்க இடம் இருக்காது என்கிறாள் பெல்லா. அவ்வளவுதான் கதை.

இனி என் கதை. லண்டனில் ஒலிம்பிக் நடந்த 2012 கோடைக்காலம். ஈஸ்ட்ஹாமில் குடியிருந்தோம். மகளுக்கு நான்கு வயது. செப்டம்பரில் பள்ளியில் சேர வேண்டும். அவளிடம் ஒரு யானைப் பொம்மை. அதற்கு அவள் தனியாகப் பெயர் எதுவும் வைக்கவில்லை, 'ஆனை'தான். சாம்பல் நிறம். தும்பிக்கை நுனியைச் சப்பிச் சப்பி அது விறைத்துப்போயிருந்தது. வால் எப்போதோ அறுந்துவிட்டது. வயிற்றில் தையல் விட்ட இடத்தை என் மனைவி கையில் அகப்பட்ட சிவப்பு நூலால் இழுத்துத் தைத்திருந்தாள். பக்கத்தில் வைத்தால் பாலும் தேங்காய் எண்ணெயும் எச்சிலும் கலந்து ஒரு வாடை அடிக்கும். துவைக்க மகள் விடமாட்டாள். துவைத்தால் அது வேறு ஆனையாகிவிடும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கோடையில் அண்ணன் குடும்பத்தோடு கோவையிலிருந்து வந்திருந்தார். ஒரு நாள் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏந் தம்பி, லண்டன்ல இருந்துக்கிட்டு பிள்ளைக்கு ஒரு நல்ல பொம்மை வாங்கித் தர வக்கில்லையா? கரித்துணியாட்டம் ஒண்ணைத் தூக்கிட்டுத் திரியறாளே." அவர் மனதில் ஒன்றும் இருந்திருக்காது, மறு நிமிடம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த 'வக்கில்லையா' எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பொம்மையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. கோயிலுக்குப் போனால் எரிச்சல், கடைக்குப் போனால் எரிச்சல். எதிரே வரும் தமிழர் யாராவது அவள் கையைப் பார்த்தால் என் சம்பளத்தை எடைபோடுகிறார்கள் என்று தோன்றும்.

அண்ணன் ஊருக்குப் போன சில நாளில் என் மனைவியும் மகளும் பஸ்ஸில் ஸ்ட்ராட்ஃபோர்டு போய்விட்டு இரவு திரும்பினார்கள். குழந்தை தோளிலேயே தூங்கியிருந்தாள். மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். தள்ளுவண்டியை மடக்கி வைக்கப் போனபோது அதன் அடிக்கூடையில் ஆனை கிடந்தது. மறுநாள் காலை குப்பை வண்டி வரும் நாள். காலியான பாஸ்மதி அரிசிப் பை ஒன்றை எடுத்து அதற்குள் ஆனையைப் போட்டு, வாயைச் சுருட்டி, வெளியே குப்பைத்தொட்டியில் மற்ற பைகளை விலக்கி அடியில் வைத்தேன். மேலே வெங்காயத் தோல் பையை வைத்தேன். ஆத்திரத்தில் செய்ததாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. அரிசிப் பை, அடியில் வைத்தது, மேலே மூடியது என்று ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது.

காலையில் குழந்தை கேட்டாள். மனைவி தள்ளுவண்டியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். பிறகு அவளே மெதுவாக, "பஸ்ஸுல விட்டுட்டேனோ?" என்றாள். நான் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க உள்ள வந்தப்ப கையில பார்த்த ஞாபகம் இல்லையே" என்றேன்.

பொம்மையைப் போட்டது ஒரு குற்றம் என்றால், இந்த வாக்கியம் அதைவிடப் பெரிய குற்றம். முதலாவது குழந்தைக்குச் செய்தது. இரண்டாவது மனைவிக்கு.

அவள் தேடினாள். பஸ் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். தொலைந்த பொருளுக்கான விண்ணப்பத்தை எழுதி அனுப்பினாள். லண்டன் பஸ்ஸிலும் ரயிலிலும் விட்டுப்போன பொருள்களைச் சேர்த்து வைக்கும் அலுவலகம் அப்போது பேக்கர் தெருவில் இருந்தது. 1933-இலிருந்து 2019 வரை அங்கேதான் இயங்கியது. குடையிலிருந்து பல்செட் வரை அங்கே வந்து சேராத பொருள் இல்லை என்பார்கள். அங்கேயும் நேரில் போனாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அடையாளம் சொல்லச் சொன்னாங்க. சாம்பல் கலரு, வால் இல்ல, வயித்துல சிவப்பு நூலுன்னேன். அந்தம்மா அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. நல்லவங்க." நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது என்று எழுத வருகிறது, அது பொய். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

புது யானை ஒன்று வாங்கிவந்தேன். பெரியது, மெத்தென்றது, விலையும் கூடத்தான். மார்ஜரி வில்லியம்ஸ் 1922-இல் எழுதிய 'வெல்வெட்டீன் முயல்' கதையில், செம்புள்ளிக் காய்ச்சலிலிருந்து தேறிய சிறுவனின் முயலைக் கிருமி என்று சொல்லிப் பெரியவர்கள் எரிக்கக் கொடுக்கிறார்கள். அவனுக்குப் புது முயல் ஒன்றைக் கொடுக்கிறார்கள்; மறுநாள் கடற்கரைக்குப் போகும் குதூகலத்தில் அவன் பழையதை நினைக்கவே இல்லை. நானும் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். என் மகள் புது யானையை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். "இது ஆனையோட பிரண்டு. ஆனை வந்ததும் விளையாடட்டும்" என்றாள்.

'டாகர்' எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். குழந்தை பொம்மையைத் தொலைத்துவிட்டு ஏங்குகிறாள் என்று என் மனைவி சொல்ல, நூலகத்தில் இருந்த அம்மாள் எடுத்துக் கொடுத்த புத்தகம் அது. தினமும் இரவு படிக்க வேண்டும். படிப்பது என் வேலை. அப்பா டார்ச்சோடு தேடும் பக்கம் வந்தால் அவள் என் கையைத் தட்டி நிறுத்துவாள். அந்தப் படத்தில் இருட்டுக்குள் எங்காவது நாய் இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். கதை முடிந்ததும் ஒரே கேள்வி: "நம்ம ஆனையும் கடைக்கு வந்திருக்குமா?"

அதனால் கடைக்குப் போனோம். சனிக்கிழமைகளில் ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் உள்ள சாரிட்டி ஷாப்புகளுக்கு அவளைக் கூட்டிப் போவேன். பழைய பொம்மைகளை ஒரு கூடையில் குவித்து வைத்திருப்பார்கள். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுப்பாள். கரடியோ பன்றியோ, எதுவானாலும் மூக்கில் வைத்து ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் அடுக்குவாள். கூடை காலியானதும் திரும்ப எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டு எழுந்துவருவாள். கடையில் இருக்கும் வயதான பெண்மணிகள் என்னைப் பார்த்து, எவ்வளவு பொறுமையான அப்பா என்பது போலப் புன்னகைப்பார்கள். நானும் பதிலுக்குப் புன்னகைப்பேன்.

அந்த வருடம்தான் நூலகத்தில் பெற்றோர் வட்டம் ஒன்று நடந்தது. பிள்ளைகள் ஒரு மூலையில் கதை கேட்பார்கள், பெரியவர்கள் அதே புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். 'டாகர்' வந்த அன்று அறையே சூடாகிவிட்டது. எழுபதுகளில் தன் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிய ஓர் ஆங்கிலேயப் பாட்டி, பெல்லா கரடியைக் கொடுக்கும் பக்கத்தைத் தொண்டை அடைக்காமல் தன்னால் இன்றுவரை படிக்க முடிந்ததில்லை என்றார். வங்காளதேசத்துத் தாய் ஒருவர் அதே பக்கத்தைத்தான் எதிர்த்தார்: ஏன் எப்போதும் அக்காவே விட்டுக்கொடுக்க வேண்டும், இப்படித்தானே எங்களை வளர்த்தார்கள், என் மகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கவா என்றார். போலந்துக்காரர் ஒருவருக்குப் பிடித்தது வேறு: அந்தச் சின்னப் பெண் தன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள், டேவ் அழுகிறான் என்பதற்காக யாரும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை, அதுதான் நியாயம். அம்மா வீட்டோடு, அப்பா சாயங்காலம் வேலையிலிருந்து வருகிறார், எந்தக் காலத்துக் குடும்பம் இது என்று சிலர் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் கடைசிவரை பேசவில்லை. கேட்டபோது, "துலைஞ்சது திரும்பி வாற கதை பிள்ளையளுக்கு வேணும். எங்களுக்குத்தான் அது சரிவராது" என்றார்.

பெல்லா கடைசியில் சொல்வது உண்மையா பொய்யா என்று ஒரு தனி விவாதம் ஓடியது. அந்தக் கரடி அவளுக்கு நிஜமாகவே பிடிக்கவில்லையா, தம்பி வருந்தக் கூடாது என்று அப்படிச் சொல்கிறாளா? பொய்தான் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். நல்ல பொய் என்றார்கள்.

அடுத்து நான் பேசினேன். இந்தப் புத்தகம் பற்றை வளர்க்கிறது என்றேன். எங்கள் ஊரில் ஒரே பாயில் அண்ணன் தம்பி எல்லோரும் உருண்டு புரண்டு தூங்கினோம், கட்டிப்பிடித்துத் தூங்கப் பொம்மை கேட்டதில்லை என்றேன். இழப்பைத் தாங்கப் பழக்காமல் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று சொல்வது ஏமாற்று என்றேன். ஏமாற்று என்ற சொல்லை நான்தான் பயன்படுத்தினேன், நாக்கு கூசவில்லை. கூட்டத்தை நடத்திய பெண், குழந்தை உளவியல் படித்தவர். டொனால்டு வின்னிகாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951-இல் வாசித்து 1953-இல் அச்சான ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னார். இப்படிப்பட்ட துணி, பொம்மை எல்லாம் குழந்தைக்குத் தானும் அல்லாத, தாயும் அல்லாத ஓர் இடைப்பொருள். அழுக்கானாலும் நாறினாலும் பெற்றோர் அதை விட்டுவைக்கிறார்கள், துவைத்தால் ஏதோ அறுந்துவிடும் என்று அவர்களுக்கே தெரிகிறது. அதில் மாற்றம் செய்யும் உரிமை குழந்தைக்கு மட்டும்தான். காலம் வரும்போது குழந்தை அதை மறக்கவும் செய்யாது, அதற்காக அழவும் செய்யாது, தானாக விட்டுவிடும் என்றார். நான்கு வயது என் மகள் கண்டுபிடித்த கணக்கை ஒரு மருத்துவர் அறுபது வருடம் முன்பே எழுதி வைத்திருக்கிறார். நான் அவரை மறுத்துப் பேசினேன். அது வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு, தனி அறையில் தூங்க வைக்கிறவர்களுக்கு என்றேன். சிலர் கைதட்டினார்கள்.

இன்னொரு நாள் அமெரிக்கரான மோ வில்லெம்ஸின் 'நஃபில் பன்னி' வந்தது. 2004-இல் வெளியானது, புரூக்ளின் தெருக்களின் புகைப்படங்கள்மேல் வரைந்த படங்கள். ஓர் அப்பாவும் மகளும் சலவைக்கடைக்குப் போன இடத்தில் மகளின் முயல் பொம்மை சலவை இயந்திரத்துக்குள் போய்விடுகிறது. பேச்சு வராத குழந்தை கத்தியும் அப்பாவுக்குப் புரிவதில்லை. வீடு வந்ததும் வாசலிலேயே அம்மா கண்டுபிடித்துவிடுகிறாள். அப்பாக்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்து முறையிட்டோம்: எப்போதும் அப்பனையே மக்காகக் காட்டுகிறார்கள். நானும் அதில் சத்தமாகவே இருந்தேன். அந்த மக்கு அப்பன் திரும்ப ஓடுகிறான், ஈரத்துணிகளுக்குள் கையை விட்டுத் துழாவுகிறான் என்பது தெரிந்தும்தான் பேசினேன்.

இப்போது யோசித்தால், அன்று எங்களில் பெரும்பாலோர் புத்தகத்தில் பிள்ளைகளுக்கான பாடத்தைத்தான் தேடினோம் என்று படுகிறது. டேவ் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் படிக்க வேண்டும், பெல்லா இன்னும் கொஞ்சம் தனக்காகப் பேசப் படிக்க வேண்டும். ஹியூஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை. நாய் எப்படி அந்த மேசைக்கு வந்தது, யார் கவனக்குறைவு என்று அவர் யாரையும் கைகாட்டுவதில்லை. அந்த வீட்டில் யாரும், நீ எங்கே விட்டாய் என்று அதட்டுவதில்லை. எல்லோரும் தேடுகிறார்கள். பெல்லா ஒரு பொய் சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம். அதன் செலவு முழுக்க அவளுடையது, அவள் கரடி. என் பொய்யின் செலவை என் மனைவி கட்டினாள், பஸ் காசிலிருந்து.

பத்து வருடம் கட்டினாள். சின்னச் சின்ன வடிவத்தில் கட்டினாள். சாவியைக் காணோம் என்றால், "நான்தான் எங்கயாச்சும் வச்சிருப்பேன், எனக்குத்தான் தெரியுமே" என்பாள். விமானத்தில் இருந்து இறங்கும்முன் இருக்கையை நாலு தடவை தடவுவாள். குழந்தை கோபத்தில் ஒருமுறை, "நீ ஆனையையே தொலைச்சவ" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அம்மாவை அப்படிப் பேசக் கூடாது என்று அதட்டினேன். கண்டிப்பான தகப்பன்.

2022 பிப்ரவரியில் ஷர்லி ஹியூஸ் இறந்தார். செய்தி வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மகளுக்கு அப்போது பதினான்கு வயது. மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே, "இவளுக்கு அந்த மாதிரி கிடைச்சிருக்கக் கூடாதா. நான் அன்னைக்குக் கையில பிடிச்சிருந்தா போயிருக்காது" என்றாள். நான் சொல்லிவிட்டேன். அரிசிப் பை முதற்கொண்டு சொன்னேன்.

மகளுக்கு ஆனையைப் பற்றிக் கோபமே வரவில்லை. "அம்மா பேக்கர் ஸ்ட்ரீட் போனாங்களேப்பா. நீங்க வீட்டுல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?" என்றுதான் கேட்டாள். மனைவி பல நாள் தேவைக்கு மேல் பேசவில்லை. பேசியபோது மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சரி என்று சொல்லிவிடக்கூடும், அதுவும் அவள் தலையில் நான் ஏற்றும் இன்னொரு வேலையாகிவிடும்.

இதை எழுதப்போகிறேன் என்றபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "எழுதுங்க. ஆனா பிள்ளை நல்லதுக்குச் செஞ்சேன்னு மட்டும் எழுதாதீங்க." என்னிடம் அந்தச் சமாதானங்கள் தயாராகத்தான் இருந்தன. அழுக்கு, கிருமி, பள்ளியில் கேலி செய்வார்கள், பற்று கூடாது. நூலகத்தில் நான் முழங்கியதெல்லாம் அந்தச் சமாதானங்களின் ஒத்திகைதான். ஆகவே அவள் சொன்னபடியே எழுதுகிறேன். பிள்ளையின் நல்லதுக்காக நான் அதைச் செய்யவில்லை. கூடத்தில் நாலு பேர் முன்னால் என்னை வக்கில்லாதவன் என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னார். அதைத் தாங்க முடியாமல் நாலு வயதுக் குழந்தையின் பொம்மையைக் குப்பையில் போட்டேன், பழியை அவள் அம்மாமேல் போட்டேன்.